தீப்பொறியைப் படம் எடுத்தீர்கள், அரத்தை விட்டுவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், கார் ஷெட்டில் தனி ஆளாகச் சைக்கிள் பிரேம் கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. எனக்கும் அதே தொழில்தான். 11 வருடமாகச் செய்கிறேன், இதுவரை 84 பிரேம் ஆயிற்று. எங்களையும் ஒரு பத்திரிகை திரும்பிப் பார்த்ததே என்ற சந்தோஷத்தில் முதல் தடவை படித்தேன். இரண்டாம் தடவை கையில் பென்சிலோடு படித்தேன். ஓரத்தில் கிறுக்கியவற்றைத்தான் இப்போது கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம். குனிந்த தலை, நாலாபுறமும் பறக்கும் தீப்பொறி, அடியில் 'நெருப்பில் பிறக்கும் சைக்கிள்' என்று ஒரு வரி. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரேசிங் செய்யும்போது, அதாவது குழாயை உருக்காமல் சூடாக்கி வேறொரு உலோகக் கம்பியை உருக்கி ஒட்டும்போது, தீப்பொறி பறக்காது. சுடர் ஒரே சீராக எரியும், இரும்பு மெல்லச் சிவக்கும், கம்பி உருகி இடுக்குக்குள் ஓடும். அவ்வளவுதான். நகை செய்கிறவர் பொடி வைத்து ஊதுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படத்தில் இருப்பது கிரைண்டர், இரும்பைத் தேய்க்கும் சுழல்கல் மெஷின். பற்றவைத்த மூட்டின் மேலேயே அதை வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார் அந்த நண்பர்.

நான் கட்டும் பிரேமில் மேல்குழாயின் நடுப்பகுதி 0.5 மில்லிமீட்டர் கனம். கட்டைவிரல் நகத்தைத் தொட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். மூட்டு வரும் முனைகளில் 0.8. முனை தடித்து நடு மெலிந்த இந்தக் குழாய்க்கு ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் 1897-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சூடும் பாரமும் விழுவது முனையில் என்பதால் அங்கே கனம், சும்மா இருக்கும் நடுவில் மிச்சம். அப்படிக் கணக்குப் பார்த்து விட்ட 0.8-இல் கிரைண்டர் ஒரு கணம் சறுக்கினால் கால்வாசி போய்விடும். பெயிண்ட் அடித்தபின் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஓட்டுகிறவர் தலையில்தான் என்றாவது விடியும். என்னிடமும் கிரைண்டர் உண்டு. பிரேம் ஸ்டாண்டில் ஏறிவிட்டால் அதன் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவேன்.

இன்னொன்று, அவர் கண்ணில் கண்ணாடி இல்லை. கேமராவுக்காகக் கழற்றச் சொன்னீர்களோ, எப்போதுமே போடமாட்டாரோ, அது எனக்குத் தெரியாது. கிரைண்டர் முன்னால் கண்ணாடி எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் சுடருக்கு முன்னாலும் 3 அல்லது 4-ஆம் நிழல் எண் (கண்ணாடியின் கறுப்பு அளவு) கொண்ட கண்ணாடி வேண்டும். சுடரின் வெளிச்சம் கூசுவதால் மட்டுமல்ல, அதிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் வருடக்கணக்கில் கண்ணில் பட்டால் புரை விழும். கண்ணாடி ஊதும் தொழிலாளிகளுக்கு வந்த பழைய நோய் அது.

நான் இதற்கு முன் 19 வருடம் பல் செட் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். மேசை மேல் சின்னச் சுடர், வெள்ளிப் பற்று (உருக்கி ஒட்டும் வெள்ளிக் கலவை), வெங்காரம் கலந்த ஃபிளக்ஸ் (பற்று ஓட வழிவிடும் பூச்சு), குழந்தைகளின் பல்லைச் சீராக்கும் கம்பிகள். பழைய வெள்ளிப் பற்றுகளில் காட்மியம் இருக்கும், அந்தப் புகை நுரையீரலுக்கு எமன் என்பதெல்லாம் அங்கே கற்றதுதான். அதைவிட முக்கியமாக அங்கே கற்றது வேறொன்று. பல் செட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாயில் பொருந்தவில்லை என்றால் அது டம்ளர் தண்ணீரில்தான் கிடக்கும். வாய்க்கு வராது. கட்டுரை முழுக்கத் தேடினேன், 'பொருத்தம்' என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. 'கலை' ஒன்பது இடத்தில் இருக்கிறது.

என் உயரம் 148 சென்டிமீட்டர். நான் வைத்திருந்த எல்லாச் சைக்கிளும் கடைக்காரர் 'இதுதான் இருக்கிறதிலேயே சின்ன சைஸ்' என்று கொடுத்தவை. கடைசியாக வாங்கியதில், மெதுவாகத் திரும்பும்போது செருப்பு முனை முன்சக்கரத்தில் இடிக்கும். நேராகப் போகும் வரை ஒன்றும் தெரியாது. ஒருநாள் நெரிசலில் ஊர்ந்து போய்த் திரும்பினேன், கால் மாட்டியது, விழுந்தேன். மணிக்கட்டில் மாவுக்கட்டு, ஆறு வாரம் பல் செட் வேலை கிடையாது. அந்த ஆறு வாரத்தில்தான் இடது கையால் கோடு போட்டுப் போட்டு, ஏன் இடித்தது என்று கண்டுபிடித்தேன்.

விஷயம் இதுதான். சக்கரம் பெரியவர்களுக்கானது. டயர் உட்காரும் இடத்தில் விட்டம் 622 மில்லிமீட்டர். பிரேமை மட்டும் சின்னதாக்கினால் முன்சக்கரம் காலுக்கு வந்துவிடும். அதைத் தள்ளி வைக்கத் தலைக்குழாயை (ஹேண்டில்பார் திரும்பும் முன்குழாய்) சாய்ப்பார்கள், சீட் குழாயை நிமிர்த்துவார்கள். காகிதத்தில் மேல்குழாய் குட்டையாகத் தெரியும். ஓட்டுகிறவளுக்கோ உடம்புப் பாரமெல்லாம் கையில் இறங்கும், ஹேண்டில்பார் சோம்பேறியாகத் திரும்பும். தலைக்குழாயை ஒரே ஒரு பாகை சாய்த்தால், முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி திருப்பு அச்சுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்தங்கும். நாங்கள் 'டிரெயில்' என்பது இந்தத் தூரத்தைத்தான். சாதாரணச் சைக்கிளில் அது மொத்தமே 60 சொச்சம். ஆக, ஒரு பாகை என்பது பத்தில் ஒரு பங்கு. கை உணராமல் இருக்குமா?

நான் முதலில் கட்டிய பிரேம் எனக்காகத்தான். 559 மில்லிமீட்டர் சக்கரம், 155 மில்லிமீட்டர் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), தலைக்குழாய் 72 பாகை. மூட்டுகள் பார்க்கச் சகிக்காது. கட்டெறும்புப் புற்று மாதிரி பித்தளை மேடு மேடாக நிற்கும். ஆனால் கால் இடிக்கவில்லை. இன்றுவரை அதில்தான் போய்வருகிறேன்.

அடுத்து, 'மூன்றே நாளில் ஒரு பிரேம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு பிரேமுக்குச் சுமார் 45 மணி நேரம் பிடிக்கிறது, பெயிண்ட் சேராமல். அதில் சுடர் எரிவது மூன்று மணி நேரத்துக்கு மேல் இராது. மீதியெல்லாம் அளவு, வரைபடம், அரம். அதிலும் அரம்தான் அதிகம். ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் முதுகில் உட்காரும்படி மீன்வாய் போலக் குடைய வேண்டும். லேத் வைத்திருப்பவர்கள் நிமிடத்தில் வெட்டிவிடுவார்கள். நான் காகிதத்தில் வளைவை அச்செடுத்துக் குழாயில் சுற்றி, கோடு போட்டு, அரைவட்ட அரத்தால் ராவுகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பின்னால் விளக்கைப் பிடித்தால் ஒளி கசியக்கூடாது. கசிந்தால் மறுபடி ராவல். வெள்ளிப் பற்று 650 பாகை செல்சியஸ் அளவில் உருகி, தானாகவே இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மாதிரி இருக்க வேண்டும். அகலமாகிவிட்டால் எண்ணெய் இல்லாத திரி மாதிரிதான், ஏறாது. பித்தளை கொஞ்சம் பெருந்தன்மையானது, இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு 900 பாகை வேண்டும், அந்தச் சூட்டில் குழாய் வளைந்து விளையாடும். எங்கே எதைப் போடுவது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. நான் குழாய் நுழையும் சாக்கெட் வைத்த மூட்டுக்கு வெள்ளி, பின்சக்கர அச்சு உட்காரும் தகட்டுக்குப் பித்தளை. இதில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

தப்புகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதால் என்னுடையவற்றைச் சொல்கிறேன். நான்காவது பிரேமில், பின்பக்கக் குழாய் இரண்டு முனையிலும் மூடிக்கொள்ளும் என்பதை மறந்து, காற்று வெளியேற ஓட்டை போடாமல் விட்டேன். உள்ளே மாட்டிய காற்று சூடேறி விரிந்து, உருகிய பித்தளையைப் 'பொளக்' என்று என் ஏப்ரனில் துப்பியது. ஏழாவதுதான் பெரிய கூத்து. பெடல் அச்சு ஓடும் கூட்டை, பி.பி. ஷெல் என்போம், அதைத் திருப்பி வைத்துப் பற்றவைத்துவிட்டேன். அது 68 மில்லிமீட்டர் நீளக் குழாய்த்துண்டு, இரண்டு பக்கமும் பார்க்க ஒரே மாதிரி. ஆனால் ஆங்கிலேய அளவில் செயின் பக்கம் இடது மரை, மறுபக்கம் வலது மரை. மிதிக்க மிதிக்கக் கப் (பேரிங்கைத் தாங்கும் திருகு வளையம்) கழன்று வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. நான் நான்கு குழாயையும் அதில் கட்டி, மூட்டுகளை ராவி, பாலிஷ் போட்டதுபோல் ஆக்கி, கடைசியில் கப்பைத் திருகப் போனால் ஏறவில்லை. அப்போதும் மரையில் ஃபிளக்ஸ் அடைத்திருக்கும் என்று கால் மணி நேரம் சுரண்டினேன். மேல்தாடைப் பல் வரிசையை இடம் வலம் மாற்றி வைத்தவளைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் ஒரு கதை சொல்லிச் சிரிப்போம். அன்று அவளை நினைத்துக்கொண்டேன். அந்தப் பிரேம் இப்போது வைஸுக்கு நேர் மேலே சுவரில் தொங்குகிறது. அதற்கப்புறம் எந்த ஷெல்லிலும் செயின் பக்கத்தில் சிவப்பு மார்க்கரால் ஒரு 'செ' எழுதாமல் ஃபிளக்ஸ் தொட்டதில்லை.

கட்டுரையாளர் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீயைக் குறிப்பிட்டு, 'வாஷிங் மெஷின் பேரிங்கைப் போட்டு உலக சாதனை செய்தார்' என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். தானே கட்டிய சைக்கிளில் 1993 ஜூலை 17 அன்று நார்வேயின் ஹாமர் நகரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். ஆனால் பேரிங்கோடு கதையை முடித்துவிட்டால் எப்படி? இரண்டு பாதங்களும் முடிந்தவரை நெருக்கமாகச் சுழல வேண்டும் என்பதற்காகப் பெடல் அச்சு ஓடும் கூட்டைக் குறுக்கினார். முழங்கால் இடிக்காமலிருக்க மேல்குழாயையே எடுத்துவிட்டார். கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு குனிய முடிந்த அவர் உடம்புக்கென்றே எடுத்த அளவு அது. முந்தின நாள் அதே மாதிரி செய்த வேறொரு சைக்கிளில் முயன்று தோற்றார். மறுநாள் தன் பழையதில் ஏறினார், ஜெயித்தார். இதில் எழுத எத்தனை இருக்கிறது! பத்திரிகைகளோ அன்றிலிருந்து வாஷிங் மெஷினையே சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பெட்டிச் செய்தியில் ஐந்து பிரேம்களின் எடையை வரிசையாகப் போட்டிருந்தீர்கள், பரீட்சை மார்க் மாதிரி. அது வந்த வாரமே என்னிடம் மூன்று பேர் '200 கிராம் குறைக்க முடியுமா' என்று கேட்டுவிட்டார்கள். முடியும். இன்னும் மெல்லிய குழாய் போட்டால் போயிற்று. ஆனால் என் பிரேம் ஒன்று சுமார் 1.9 கிலோ. அதில் மாட்டுகிற தண்ணீர் பாட்டிலை நிரப்பினால் முக்கால் கிலோவுக்கு மேல். பாதி பாட்டில்கூட இல்லாத எடைக்காக நகக்கனத்தையும் சுரண்டச் சொல்கிறார்கள். இன்னொரு நம்பிக்கை, உசத்தியான எஃகு என்றால் விறைப்பாக இருக்கும் என்பது. இல்லை. சாதாரண எஃகோ, விலை கூடிய கலப்பு எஃகோ, விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுவது வலிமை. அதனால்தான் மெல்லியதாக இழுக்க முடிகிறது. விறைப்பு வேண்டுமானால் குழாயின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். அதே கனத்தில் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. இந்த ஒரு கணக்கைப் பெட்டியில் போட்டிருந்தால் பத்து பேருக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

இப்போது, கட்டுரையில் யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன். சைக்கிள் பாதுகாப்புக்கு ஐ.எஸ்.ஓ. 4210 என்று ஒரு தரம் இருக்கிறது. அதில் பிரேமை இயந்திரத்தில் மாட்டி, மிதிப்பது போல ஒரு லட்சம் தடவை அழுத்துவார்கள். முன்பக்கம் மோதவிடுவார்கள். ஆலைகள் ஆயிரக்கணக்கில் செய்யும் பிரேமில் சிலவற்றை இப்படிப் பலி கொடுத்து மீதிக்கு ஜவாப்தாரி ஆகலாம். நான் ஒன்றுதான் செய்கிறேன். அதைச் சோதித்தால் விற்க ஒன்றும் இருக்காது. ஆக, ஓட்டுகிறவர் என்னை நம்பித்தான் ஏறுகிறார். இதை 'அன்பால் ஆன சைக்கிள்' என்று எழுதினால் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் செய்யக்கூடியது, திங்கட்கிழமை தோறும் மிஞ்சிய குழாய்த்துண்டுகளில் ஒரு மூட்டு கட்டி, ஆறவைத்து, நடுவில் ஹேக்சா போட்டு அறுத்துப் பார்ப்பது. பற்று உள்ளே முழுச்சுற்றும் ஓடியிருக்கிறதா, எங்காவது ஃபிளக்ஸ் சிக்கிக் கறுப்பாக நிற்கிறதா? இரண்டு திங்கட்கிழமை தொடர்ந்து கறுப்பு வந்தால் அந்த வாரம் யார் பிரேமையும் தொடமாட்டேன். அப்படி நின்றதில் ஒருவருக்குச் சொன்ன தேதி ஐந்து வாரம் தள்ளிப்போனது, கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான்.

கட்டுரை வந்தபின் நான்கு இளைஞர்கள் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு ஷெட் போடப் போகிறார்களாம். 'மனசு சொன்னதைச் செய்' என்று நீங்கள் முடித்திருந்தது அவர்களைக் கிளப்பிவிட்டது. தம்பிகளுக்கு நான் எழுதிய பதில் சுருக்கமானது. வேலையை விடாதீர்கள். நான் ஐந்து வருடம் பகலில் பல் செட், ராத்திரியில் பிரேம் என்றுதான் ஓட்டினேன். முதல் ஐந்தாறு பிரேம் உங்களுக்கே கட்டி நீங்களே ஓட்டுங்கள், விழுந்தால் நீங்களே விழுங்கள். அலுமினியத்தில் ஆரம்பிக்காதீர்கள். பற்றவைத்தபின் முழுப் பிரேமையும் உலையில் சூடேற்றிப் பதப்படுத்தினால்தான் அதற்குப் பழைய வலிமை திரும்பும், ஷெட்டில் அந்த உலை இருக்காது. ஆக்சிஜன் சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கையை வைக்காதீர்கள். கடைசியாக, வருகிறவரின் கால் அளவை அவர் சொல்லக் கேட்டு எழுதாதீர்கள். சுவரோடு நிற்கவைத்து நீங்களே எடுங்கள். ஒருவர் பேன்ட் நீளத்தைக் கால் அளவென்று அனுப்பி, நானும் நம்பி, நான்கு சென்டிமீட்டர் உயர்ந்த பிரேமைக் கட்டி வைத்தேன். அவர் மேல் தப்பில்லை, டேப் என் கையில் இருந்திருக்க வேண்டும். நால்வரில் ஒருவர் மட்டும் 'எந்த அரம் வாங்கட்டும்' என்று கேட்டுத் திரும்ப எழுதினார். அவர் தேறுவார் என்று நினைக்கிறேன்.

இப்போது ஜிக்கில் (குழாய்களை அளவாகப் பிடித்து நிறுத்தும் சட்டம்) இருப்பது 85-ஆவது. விபத்துக்குப்பின் வலது முழங்கால் 90 பாகைக்குச் சற்றுமேல் மடங்காத ஒருவருக்கு. வழக்கமான கிராங்கில் மிதிக்க முழங்கால் ஏறக்குறைய 110 பாகை மடங்க வேண்டும். கிராங்கை 170-இலிருந்து 140 ஆக்கினால், பெடல் மேலே வரும்போது 30 மில்லிமீட்டர் தாழ்ந்து நிற்கும். கீழே காலெட்டும் தூரம் மாறாமலிருக்கச் சீட்டை 30 உயர்த்தலாம். ஆக, முழங்காலுக்கு 60 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. ஆனால் சீட் உயர்ந்தால் நிறுத்தும்போது கால் தரையில் எட்டாதே? குட்டைக் கிராங்க் தரையில் இடிக்காது என்பதால் அந்த 30-ஐயும் பி.பி.யைத் தாழ்த்தியே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காலைத் தூக்கிப் போடவும் அவரால் முடியாது, அதனால் மேல்குழாய் தாழ வளைந்து வருகிறது. முக்கோணம் கெட்டுப்போன அந்தப் பிரேம் முறுக்கிக்கொள்ளாமலிருக்கக் கீழ்க்குழாயை 28.6-க்குப் பதில் 34.9 மில்லிமீட்டரில் போட்டிருக்கிறேன். விறைப்பு 1.8 மடங்கு. எடை கூடத்தான் செய்யும். அவர் எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'ஏறி இறங்க யாரும் பிடிக்க வேண்டாம்தானே' என்றுதான் கேட்டார். நான் இன்னும் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. அடுத்த வாரம் மூட்டுகளைப் புள்ளிப் பற்று மட்டும் வைத்து நிறுத்தி, அவரை வரச்சொல்லி, நிற்கும் பிரேமைத் தாண்டவைத்துப் பார்த்தபின்தான் சொல்வேன்.

தங்கள் நிருபர் விரும்பினால் அன்றைக்கு வரலாம். கண்ணாடி என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று அவருக்கு. தீப்பொறி மட்டும் கிடைக்காது. அந்த ஞாயிற்றுப் படத்துக்கு ஒரு திருத்தம், 'படத்தில் காண்பது கிரைண்டர், கண்ணாடி அணியாமல் செய்யக்கூடாது' என்று இரண்டே வரி, இந்த வாரமே போட்டுவிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
சைக்கிள் பிரேம் கட்டுகிறவள்